இருதயத்தின் மின்சாரமும் அதனை நெறிப்படுத்தும் மருந்துகளும்

(தோட்டப் பொது மண்டபமொன்றில் மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரத்தக் கொதிப்பைப் பற்றியும் இனிப்பு நீரைப் பற்றியும் நீங்கள் பல சொற்பொழிவுகளைக் கேட்டிருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றைப் போல் பழக்கமானதன்று. இருதயத் துடிப்பு தாறுமாறாகப் போகும்போது அதனை ஒழுங்குக்குக் கொண்டுவர மருத்துவர்கள் சில மாத்திரைகளைக் கொடுக்கின்றார்கள். அம்மாத்திரைகள் உடலுக்குள் சென்று என்ன செய்கின்றன என்பதே இன்றைய பேச்சு.

இதனைத் தொழிலாளர்களிடம் ஏன் பேச வேண்டும், மருத்துவக் கல்லூரியில் பேசினால் போதாதா என்று கேட்போர் உண்டு. மாத்திரையை விழுங்குகிறவர்கள் நீங்கள். கல்லூரி மாணவர்கள் அல்லர். படபடப்பு நின்றுவிட்டது என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துவோர் உளர். ஒரு வேளை மறந்துவிட்டால் மறு வேளை இரண்டாக விழுங்குவோர் உளர். "எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், தம்முடைய அட்டையிலிருந்து இரண்டைப் பிய்த்துக் கொடுக்கும் தாராள மனம் படைத்தோரும் நம்மிடையே உளர். இருதயத் துடிப்பு மாத்திரையில் இத்தகைய தாராளம் உயிரையே வாங்கிவிடலாம். "செய்யாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் எவரும் கேட்பதில்லை. ஏன் செய்யலாகாது என்பது விளங்கினால் கேட்பார்கள் என்பது என் நம்பிக்கை.

இருதயத்தில் மின்சாரம்

நம் இருதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100,000 முறை துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒரு மின் அலை அதன் தசைகளின் ஊடே ஓடுகின்றது. வீட்டு விளக்குக்கு வரும் மின்சாரம் கம்பி வழியே வெளியிலிருந்து வருகின்றது. இருதயத்தின் மின்சாரமோ அதற்குள்ளேயே பிறக்கின்றது. வலப்பக்க மேலறையில், பெரிய இரத்தக் குழாய் வந்து சேருமிடத்தில், ஒரு சிறு திசுத் துணுக்கு இருக்கின்றது. இதனைத் தலைமைக் கணு என்று சொல்லலாம். 1907-ஆம் ஆண்டில் ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் இரு பிரித்தானியர்கள் இதனைக் கண்டறிந்தார்கள். காலையில் பெரட்டுக்கு மணியடிப்பவரைப் போல, யார் சொல்லியும் காத்திராமல் இக்கணு நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை மணியடித்துக்கொண்டே இருக்கின்றது.

அந்த அலை மேலறைகள் இரண்டிலும் பரவிக் கீழே வருகின்றது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரம் கடக்க முடியாத ஒரு நார்ச் சுவர் இருக்கின்றது. அதில் ஒரே ஒரு வாயில்தான் உண்டு. இடைக்கணு எனப்படும் இவ்வாயிலை 1906-இல் ஜப்பானியரான சுனாவோ தவாரா என்பவர் ஜெர்மனியில் இருந்து ஆராய்ந்து வெளியிட்டார். இங்கே அலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் என்ற அளவுக்குக் குறைந்துவிடுகின்றது. வேண்டுமென்றே ஏற்படுத்தப்பட்ட தாமதம் இது. மேலறை தன்னிடமுள்ள இரத்தத்தைக் கீழறைக்குள் தள்ளி முடிக்கட்டும் என்று வாயில் காத்திருக்கின்றது. அதன்பின் அலை ஹிஸ் கற்றை, பர்கின்ஜி இழைகள் என்னும் நெடுஞ்சாலைகளில் இறங்கி, நொடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் ஓடிக் கீழறைகள் முழுவதையும் ஒரே நேரத்தில் சுருங்கச் செய்கின்றது.

இவ்வலை எதனால் ஆனது? உப்பினால் ஆனது என்று சொன்னால் வியப்படைவீர்கள். இருதய உயிரணு ஒவ்வொன்றின் சுவரிலும் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. சோடியத்துக்கு ஒரு வகை, கால்சியத்துக்கு ஒரு வகை, பொட்டாசியத்துக்குப் பல வகை. சோடியம் என்பது நம் கறியுப்பில் உள்ளதுதான். அலை வந்து தொட்டவுடன் சோடிய வாயில்கள் திறந்து, கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவாகச் சோடியம் உள்ளே பாய்கின்றது. அப்பாய்ச்சலே அடுத்த உயிரணுவைத் தட்டி எழுப்புகின்றது. பின்னர்க் கால்சியம் உள்ளே வந்து தசையைச் சுருங்கச் செய்கின்றது. இறுதியில் பொட்டாசியம் வெளியேறி, உயிரணு மறுபடியும் பழைய நிலைக்குத் திரும்புகின்றது. எல்லாம் ஏறத்தாழ கால் நொடிக்குள் முடிந்துவிடும்.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்துங்கள். தலைமைக் கணுவிலும் இடைக்கணுவிலும் இந்த முதற் பாய்ச்சலைச் செய்வது சோடியம் அன்று, கால்சியம். ஆகையால் சோடிய வாயிலை அடைக்கும் மருந்து தசைகளிலும் நெடுஞ்சாலைகளிலும் வேலை செய்யும். கால்சிய வாயிலை அடைக்கும் மருந்து கணுக்களில் வேலை செய்யும். மருந்துகளின் கதை பெரும்பாலும் இவ்வேறுபாட்டில் அடங்கியிருக்கின்றது.

லாலாங் தீ

லாலாங் புல்லில் தீப்பிடித்து ஓடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இருதயத்தின் மின் அலையும் அப்படியே ஓடுகின்றது. ஒரு புல் எரியும்போது அடுத்த புல்லைப் பற்ற வைக்கின்றது. தீ முன்னால் மட்டுமே போகின்றது, பின்னால் திரும்புவதில்லை. ஏன்? பின்னால் உள்ள புல் எரிந்து கரியாகிவிட்டது. அது மீண்டும் முளைக்கும் வரை எரிய முடியாது. இருதயத்திலும், ஒரு முறை அலை கடந்த இடம் சிறிது நேரம் மறு அலைக்கு இணங்காது. லாலாங் மீண்டும் தழைக்க நாட்கள் ஆகும். இருதயத்துப் புல்லோ கால் நொடியில் முளைத்துவிடுகின்றது.

ஒரு சிறு குன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் லாலாங். அடிவாரத்தில் ஓரிடத்தில் தீ மூண்டால், அது குன்றின் இரு பக்கமும் ஓடி மறுபுறத்தில் ஒன்றோடொன்று மோதி அணைந்துவிடும். இது ஒழுங்கான துடிப்பு. இப்பொழுது ஒரு பக்கத்தில் சதுப்பான ஈரப் பகுதி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் போன தீ ஈரத்தில் பட்டு நின்றுவிட்டது. மறுபக்கம் போன தீ மட்டும் குன்றைச் சுற்றி வந்து, பின்புறமாக அந்த ஈரப் பகுதியை அடைகின்றது. அதற்குள் அங்கே கொஞ்சம் காய்ந்துவிட்டது. தீ மெல்ல மெல்லப் புகைந்து அதனைக் கடந்து வெளியே வருகின்றது. வந்து பார்த்தால், முதலில் எரிந்த புல் இதற்குள் மீண்டும் முளைத்து நிற்கின்றது! தீ மறுபடி பற்றிக்கொண்டு குன்றைச் சுற்றுகின்றது. இனி அதற்கு முடிவில்லை. தலைமைக் கணு அடிக்கும் மணியை எவரும் கேட்பதில்லை. இருதயம் நிமிடத்திற்கு 150, 200 என்று ஓடத் தொடங்குகின்றது.

இது வெறும் கற்பனையன்று. 1913-இல் ஜார்ஜ் மைன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் ஆமை முதலிய உயிர்களின் இருதயத் தசையை வளையமாக வெட்டியெடுத்து, அதில் அலை ஒன்று ஓயாமல் சுற்றிக்கொண்டே இருப்பதைக் கண்ணாரக் கண்டார். மாரடைப்பு வந்து ஆறிய இருதயத்தில் தழும்பு இருக்கும். அத்தழும்பின் ஓரங்கள்தாம் நான் சொன்ன சதுப்பு நிலம். வேறு காரணங்களாலும் துடிப்பு தடுமாறலாம். எங்கோ ஒரு மூலையிலுள்ள உயிரணு தானாகவே நெருப்புப் பொறி தெறிப்பதும் உண்டு. எனினும் பெரும்பாலான வேகத் துடிப்புகளுக்கு இந்தச் சுற்றுத் தீயே காரணம்.

மருந்துகள் செய்வது என்ன?

1970-ஆம் ஆண்டையொட்டி ஆக்ஸ்போர்டில் வாகன் வில்லியம்ஸ் என்னும் பேராசிரியர் இம்மருந்துகளை நான்கு வகையாகப் பிரித்தார். 2018-இல் அவ்வகைப்பாடு விரிவாக்கப்பட்டபோதிலும், அடிப்படையை விளங்கிக்கொள்ள அந்த நான்கும் போதும்.

முதல் வகை, சோடிய வாயிலை அடைப்பவை. குயினிடின், புரோகெய்னமைடு, லிக்னோகெய்ன், பிளெகெய்னைடு ஆகியவை இதிற் சேரும். லிக்னோகெய்ன் உங்களுக்குப் பழக்கமானதே. பல் பிடுங்கும்போது ஈற்றில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்கிறார்களே, அதே மருந்துதான். நரம்பிலும் சோடியப் பாய்ச்சலால்தான் வலிச் செய்தி ஓடுகின்றது. வாயிலை அடைத்தால் செய்தி போகாது. இருதயத்தில் இவ்வகை மருந்து புல்லின் மீது தண்ணீர் தெளிப்பது போன்றது. தீ மெதுவாக ஓடும். ஏற்கெனவே ஈரமாயிருந்த அந்தச் சதுப்பில் தீ அடியோடு அணைந்துவிடும். சுற்று அறுந்தது, துடிப்பு ஒழுங்குக்கு வந்தது.

மூன்றாம் வகையை இதனோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இவை பொட்டாசியம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன. அதாவது புல் மீண்டும் முளைக்கும் காலத்தை நீட்டிவிடுகின்றன. சுற்றி வரும் தீ எரிய ஒன்றுமில்லாமல் கரியைக் கண்டு அணைகின்றது. சோட்டலால், அமியோடரோன் இரண்டும் இவ்வகை. அமியோடரோன் 1961-இல் பெல்ஜியத்தில் உருவாக்கப்பட்டது. முதலில் நெஞ்சுவலிக்கென்று கொடுத்தார்கள். துடிப்பை அடக்கும் அதன் ஆற்றல் பின்னரே தெரிய வந்தது. உண்மையில் அது நான்கு வகை வேலைகளையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும். வலிமை மிக்கது, அதே அளவுக்குத் தொல்லையும் தர வல்லது.

இரண்டாம் வகையும் நான்காம் வகையும் குன்றைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வாயிலை நோக்கிச் செல்கின்றன. பயமோ கோபமோ வந்தால் அட்ரினலின் சுரந்து இருதயத்தை விரட்டும் அல்லவா? அந்த விரட்டலைத் தடுப்பவை இரண்டாம் வகை: புரோப்ரானலால், அட்டினலால், பிசோப்ரோலால் போன்றவை. புரோப்ரானலாலைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. கால்சிய வாயிலை அடைக்கும் வெராப்பமில், டில்டியாசெம் ஆகியவை நான்காம் வகை. இவ்விரு வகைகளும் தலைமைக் கணுவின் மணியை நிதானப்படுத்தி, இடைக்கணுவின் தாமதத்தை இன்னும் கொஞ்சம் நீட்டுகின்றன.

டிகாக்சின் இந்நால்வகையில் அடங்காதது. ஆனால் எல்லாவற்றுக்கும் மூத்தது. இங்கிலாந்தில் ஒரு மூதாட்டி வீக்கத்துக்குக் கொடுத்துவந்த, 20 வகைக்கு மேற்பட்ட பச்சிலைகள் சேர்ந்த கஷாயத்தை வில்லியம் விதரிங் என்னும் மருத்துவர் ஆராய்ந்து, அதில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் செடியே என்று கண்டு, 1785-இல் நூலாக எழுதினார். டிகாக்சின் அவ்வினச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. அது வேகஸ் நரம்பின் வழியாக இடைக்கணுவின் வாயிலை இறுக்குகின்றது. நம் வீட்டு முற்றத்து அரளியின் நஞ்சும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அரளியை மருந்தென்று சொல்லி எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதற்கு அளவு பார்த்துக் கொடுக்க ஆளில்லை.

வாயிலை இறுக்குவதால் என்ன பயன் என்று கேட்கலாம். முதியோருக்கு அடிக்கடி வரும் ஒரு கோளாறில், மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்கும். நிமிடத்திற்கு 350-க்கும் மேற்பட்ட அலைகள் வாயிலில் வந்து மோதும். வாயில் அத்தனையையும் கீழே விட்டால் கீழறை களைத்துவிடும். ஆகவே வாயிலை இறுக்கி, அளவாக விடச் செய்கின்றோம். நடுக்கம் நிற்கவில்லை, ஆனால் நாடி நிதானமாகின்றது. நடுக்கத்தையே நிறுத்தி ஒழுங்கைக் கொண்டுவருவதா, வேகத்தை மட்டும் அடக்குவதா என்பது நீண்டகால வாதம். 2002-இல் 4,060 நோயாளிகளைக் கொண்டு நடந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒழுங்கைக் கொண்டுவர முயன்றதால் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது. 2020-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், நோய் தொடங்கிய உடனேயே முயன்றவர்களுக்கு நன்மை காணப்பட்டது. ஆகையால் உங்களுக்கும் உங்கள் சம்பந்திக்கும் ஒரே நோய்க்கு வேறு வேறு மாத்திரை கொடுத்தால், மருத்துவர்களைத் திட்டாதீர்கள்.

இந்நோயில் மேலறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். துடிப்பு மருந்து அதனைத் தடுத்துவிடும் என்று எண்ணலாகாது. அதற்கு வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமற் காக்கும் மருந்து தனியே தேவைப்படும். நாடி சரியாகிவிட்டது என்று இதனை நிறுத்தியவர்கள் கை கால் விழுந்து படுக்கையிற் கிடப்பதை மருத்துவமனைகளில் காண்கின்றோம்.

கொயினாவின் கதை

நம் தோட்டங்களோடு தொடர்புடைய ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். மலாயாவில் காடழித்து ரப்பர் நட்ட காலத்தில் மலேரியாக் காய்ச்சல் நம் முன்னோர்களைக் கூட்டங் கூட்டமாகக் கொன்றது. அக்காலத்தில் கிடைத்த ஒரே மருந்து சின்கோனா மரப்பட்டையிலிருந்து வரும் கொயினா. அதன் கசப்பைப் பற்றி உங்கள் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1912-இல் வென்கெபாக் என்னும் டச்சு மருத்துவரிடம் ஒரு வணிகர் வந்தார். தம் நாடி தாறுமாறாக ஓடுவதாகவும், தம்மால் அதனைத் தாமே நிறுத்திக்காட்ட முடியுமென்றும் கூறினார். மருத்துவர் நம்பவில்லை. மறுநாள் வணிகர் ஒழுங்கான நாடியோடு வந்து நின்றார். அவர் விழுங்கியது கொயினா. 1918-இல் வால்டர் ஃபிரே என்னும் மருத்துவர், அதே பட்டையிலுள்ள இன்னொரு பொருளான குயினிடின் இவ்வேலைக்கு மேலும் சிறந்தது என்று காட்டினார். நான் மேலே சொன்ன முதல் வகையின் முதல் மருந்து இதுவே. காய்ச்சலுக்கென்று தோட்டந்தோறும் பங்கிடப்பட்ட பட்டைக்குள் இருதய மருந்து ஒன்றும் மறைந்திருந்தது.

ஆனால் குயினிடின் சாப்பிட்டவர்களில் சிலர் திடீரென்று மயங்கி விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள். காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. குயினிடின் சோடிய வாயிலோடு பொட்டாசிய வாயிலையும் அடைக்கின்றது. புல் முளைக்கும் காலம் அளவுக்கு மீறி நீண்டால், எரிந்த இடத்திலேயே கனன்றுகொண்டிருக்கும் தணல் மீண்டும் பற்றிக்கொள்ளும். 1966-இல் டெசெர்டென் என்னும் பிரெஞ்சு மருத்துவர், ஈ.சி.ஜி. தாளில் முறுக்கிய கயிறு போல் தோன்றும் ஒரு கொடிய துடிப்பை விவரித்தார். இதுவே அது. சோட்டலால் முதலிய மூன்றாம் வகை மருந்துகளிலும் இந்த ஆபத்து உண்டு. உடம்பில் பொட்டாசியம் குறைந்திருந்தால் ஆபத்து பன்மடங்காகும். வயிற்றுப்போக்கிலும் வாந்தியிலும் பொட்டாசியம் வெளியேறிவிடும். சிறுநீரை அதிகப்படுத்தும் மாத்திரையாலும் குறையும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற சளிக் காய்ச்சல் மருந்துகளும், மலேரியாவுக்கான குளோரோகுயினும் அதே வாயிலை அடைப்பவை. இரண்டும் ஒன்று சேர்ந்தால் விபரீதம். ஆகவே எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், எந்த நோய்க்குப் போனாலும், "நான் இருதயத் துடிப்பு மருந்து சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லுங்கள்.

மருந்தே பகையான ஆய்வு

மருத்துவ உலகத்தையே உலுக்கிய ஒரு நிகழ்ச்சி உண்டு. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு அவ்வப்போது தவறிய துடிப்புகள் வரும். அத்தகையோர் திடீர் மரணமடைவது அதிகம் என்பதும் தெரிந்திருந்தது. ஆகவே தவறிய துடிப்புகளை அடக்கினால் மரணமும் குறையும் என்று நினைத்தார்கள். நியாயமான நினைப்புத்தான். பிளெகெய்னைடு, என்கெய்னைடு என்னும் முதல் வகை மருந்துகள் தவறிய துடிப்புகளை மிக நன்றாக அடக்கின. ஆயினும் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று அமெரிக்காவில் பெரும் ஆய்வு தொடங்கினார்கள். 755 பேருக்கு இம்மருந்துகளும், 743 பேருக்கு மருந்தற்ற வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. 1989-இல் ஆய்வின் அப்பகுதியை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து சாப்பிட்டோரில் 63 பேர் இறந்தனர். வெற்று மாத்திரை சாப்பிட்டோரில் 26 பேர் மட்டுமே.

ஏன் இப்படி ஆயிற்று? லாலாங் தீயை மறுபடி நினையுங்கள். தண்ணீர் தெளித்தால் தீ மெதுவாகப் போகும். தழும்பில்லாத நல்ல இருதயத்தில் அது நன்மை. ஆனால் தழும்பு நிறைந்த இருதயத்தில், முன்பு எரியவே எரியாமல் விரைவாகக் கடந்துபோன தீ, இப்பொழுது ஊர்ந்து ஊர்ந்து போகின்றது. அது சுற்றி வருவதற்குள் பின்னால் புல் முளைக்க நேரம் கிடைத்துவிடுகின்றது. சுற்றுத் தீயை அணைக்கக் கொடுத்த மருந்தே புதிய சுற்றுத் தீக்கு வழி வகுத்தது. நாடி அழகாக இருந்தது, மனிதர் இறந்தார். இன்றும் பிளெகெய்னைடு பயன்படுகின்றது, தழும்பில்லாத இருதயம் உடையோருக்கு மட்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்மை செய்த மாத்திரை உங்களைக் கொல்லலாம் என்று நான் சொல்வது மிரட்டலன்று. அவர் இருதயத்தில் தழும்பில்லை. உங்கள் இருதயத்தில் இருக்கிறதா இல்லையா என்பதை எக்கோ, ஈ.சி.ஜி. முதலிய சோதனைகள் இன்றி எவரும் சொல்ல முடியாது.

இதே போல், சிலருக்குப் பிறவியிலேயே நார்ச் சுவரில் இன்னொரு குறுக்குப் பாதை இருக்கும். 1930-இல் விவரிக்கப்பட்ட இக்கோளாறு உள்ளோருக்கு மேலறை நடுக்கம் வரும்போது வெராப்பமிலோ டிகாக்சினோ கொடுத்தால், முறையான வாயில் அடைபட்டு, தாமதம் ஏதுமில்லாத குறுக்குப் பாதை வழியே அலைகள் வெள்ளமெனக் கீழறையிற் பாயக்கூடும்.

இன்னொன்று நம் வட்டாரத்துச் செய்தி. 1980-களில் சிங்கப்பூரில் வேலை செய்த தாய்லாந்துத் தொழிலாளர்கள் 200-க்கும் மேற்பட்டோர், கட்டுமஸ்தான இளைஞர்கள், இரவு படுத்தவர்கள் காலையில் எழவில்லை. பேய் அடித்தது என்று அவர்கள் ஊரில் நம்பினார்கள். 1992-இல் புருகாடா சகோதரர்கள் ஈ.சி.ஜி.யில் ஒரு தனி அடையாளத்தை விவரித்தார்கள். இத்தகைய மரணங்கள் பலவற்றுக்கு அக்கோளாறே காரணம் என்பது பின்னர்த் தெரிந்தது. சோடிய வாயிலில் பிறவிக் குறை இருப்பது இதற்கு ஒரு முக்கிய காரணம். இவர்களுக்குப் பிளெகெய்னைடு நஞ்சு. காய்ச்சல் கூட ஆபத்து. வியப்பு என்னவென்றால், அந்தப் பழைய குயினிடின் இவர்களில் சிலருக்குக் காவலாக இருக்கின்றது. ஆபத்து மிகுந்தோருக்கு நெஞ்சில் மின் அதிர்ச்சிக் கருவி பொருத்துவதே முதன்மையான சிகிச்சை. குடும்பத்தில் இளவயதில் எவரேனும் உறக்கத்தில் இறந்திருந்தால், "விதி" என்று விட்டுவிடாமல் மற்றவர்களை ஈ.சி.ஜி. எடுக்க அழைத்துச் செல்லுங்கள். பேய் ஈ.சி.ஜி. தாளில் அடையாளம் விடுவதில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

அமியோடரோன் சாப்பிடுவோர் வெயிலுக்கு அஞ்ச வேண்டும். தோல் எளிதிற் கருகும். பால்வெட்டு முடித்தபின் களை பிடுங்கவோ மருந்தடிக்கவோ வெட்டவெளிக்குப் போகின்றவர்கள் முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் அணிவது நலம். இம்மருந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின்; ஆகவே கழுத்துச் சுரப்பி கூடியோ குறைந்தோ வேலை செய்யலாம். நுரையீரலையும் ஈரலையும் தாக்கலாம். புதிதாக வறட்டு இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கொரு முறை இரத்தச் சோதனைக்கு வா என்றால் மருத்துவர் தம் பொழுதுபோக்குக்காக அழைப்பதில்லை. இது உடம்பில் பல வாரங்கள், மாதங்கள் கூடத் தங்கும். நிறுத்திய மறுநாளே போய்விட்டது என்று எண்ணாதீர்கள்.

புரோப்ரானலால் வகையைத் திடீரென நிறுத்தலாகாது. அடக்கி வைத்திருந்த அட்ரினலின் அணை உடைந்தது போல் பாயும். நெஞ்சுவலியும் மாரடைப்பும் கூட வரலாம். இழுப்பு நோய் உள்ளவர்கள் இவ்வகையை மருத்துவர் அனுமதியின்றித் தொடவே கூடாது. இனிப்பு நீருக்கு ஊசி போடுவோருக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும். டிகாக்சின் சாப்பிடுவோருக்கு வாந்தி, பசியின்மை, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிதல் ஆகியவை நேர்ந்தால் மருந்து மிஞ்சிவிட்டது என்று பொருள். இம்மருந்தில் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. சிறுநீரகம் பழுதுபட்டோருக்கு இன்னும் குறைவு. ஒரு வேளை மறந்துவிட்டால், எந்த மருந்தாயினும், மறு வேளை இரட்டிப்பாக விழுங்காதீர்கள்.

எல்லாப் படபடப்பும் நோயன்று. ஒரு துடிப்பு தவறி அடுத்தது ஓங்கி அடிப்பது நல்ல இருதயத்திலும் நிகழும். தூக்கமின்மையும் கடுங்காப்பியும் கூடக் காரணமாகும். ஆனால் படபடப்போடு மயக்கம் வந்தால், நெஞ்சுவலி வந்தால், வேலை செய்யும்போது விழுந்தால், அன்றைய கூலியைப் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முடியுமானால் வேகத் துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள், நின்றபின் எடுத்தால் திருடன் போனபின் காவல் வைத்தது போலத்தான். விழுந்தவர் மூச்சின்றிக் கிடந்தால் 999-ஐ அழைத்து, வண்டி வரும் வரை நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் விட்டுவிட்டு அழுத்திக்கொண்டே இருங்கள்.

மருத்துவமனையில் சில வேகத் துடிப்புகளை மருந்தே இல்லாமல் நிறுத்துவதும் உண்டு. அரைச் சாய்வாக அமர்த்தி, 15 நொடி மூச்சைத் தம் கட்டி ஊதச் சொல்வார்கள். உடனே படுக்க வைத்துக் கால்களைத் தூக்கிப் பிடிப்பார்கள். அப்பொழுது வேகஸ் நரம்பு இடைக்கணுவின் வாயிலைச் சற்று மூடுகின்றது; சுற்று அறுகின்றது. 2015-இல் இங்கிலாந்தில் 428 பேரிடம் நடத்திய சோதனையில், இம்முறையால் நூற்றுக்கு 43 பேருக்குத் துடிப்பு ஒழுங்காயிற்று. கால் தூக்காமல் ஊத மட்டும் செய்தவர்களில் 17 பேருக்கே ஆயிற்று. அதற்கும் அடங்காவிட்டால் அடினோசின் என்னும் ஊசி போடுவார்கள். சில நொடிகள் இருதயமே நின்றுவிட்டது போல் நெஞ்சு கனக்கும், அஞ்ச வேண்டாம். அம்மருந்து 10 நொடிக்குள் பெரும்பாலும் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும்.

இக்காலத்தில் அந்தச் சுற்றுப் பாதையையே மெல்லிய கம்பி ஒன்றைத் தொடையின் இரத்தக் குழாய் வழியே செலுத்திச் சுட்டுவிடும் சிகிச்சையும் நம் நாட்டில் செய்யப்படுகின்றது. குன்றைச் சுற்றி மண் வெட்டித் தீத்தடுப்பு வரப்பு போடுவது போன்றது அது. பலருக்கு மாத்திரையே தேவையற்றுப் போகின்றது. உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கடைசியாக ஒரு சிறு வேலை. இன்றிரவே உங்கள் மாத்திரை அட்டையை எடுத்து, அதன் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதோருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். மயங்கிக் கிடப்பவரிடம் "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்க முடியாது. மனைவி "வெள்ளை நிறத்தில் சிறு மாத்திரை" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. வெள்ளை நிறச் சிறு மாத்திரைகள் ஆயிரம் உண்டு.

இனிக் கேள்விகள் இருப்பின் கேட்கலாம். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவந்திருப்போர் முன்வரிசைக்கு வாருங்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் மருந்து எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.